பொது இடமும் புகையும்

பொது இடம் என்பது எல்லாருக்கும் உரியது என்று குடிமையியல் பாடத்தில் படிக்கிறோம். ஆனால் பேருந்து நிறுத்தத்தில் ஒருவர் பீடியைப் பற்ற வைத்தவுடன் அந்த இடம் அவர் ஒருவருக்கே உரியதாகி விடுகிறது. மற்றவர்கள் முகத்தைத் திருப்பிக் கொள்ளலாம். கைக்குட்டையால் மூக்கை மூடிக் கொள்ளலாம். தள்ளிப் போய் வெயிலில் நிற்கலாம். “ஐயா, அதை அணைத்து விடுங்கள்” என்று சொல்ல மட்டும் யாருக்கும் வாய் வருவதில்லை. பெரியவர்களை எதிர்த்துப் பேசலாகாது என்று கேட்டே வளர்ந்த எங்களைப் போன்ற பெண்பிள்ளைகளுக்கு எப்படி வரும்? எங்களால் சொல்ல முடியாததை எங்களுக்காகச் சொல்லத்தான் விதி வேண்டும் என்கிறோம்.

விதி இல்லாமல் இல்லை. 1999 ஆம் ஆண்டு ஜூலையில் கேரள உயர் நீதிமன்றம் பொது இடங்களில் புகைபிடிப்பதைத் தடை செய்தது. 2001 நவம்பர் 2 ஆம் நாள் உச்ச நீதிமன்றம், மருத்துவமனை, கல்வி நிலையம், நூலகம், நீதிமன்றம், பேருந்து, இரயில் ஆகிய இடங்களில் நாடு முழுவதும் புகைக்கக் கூடாது என்று ஆணையிட்டது. 2003 இல் மத்தியச் சட்டம் வந்தது. 2008 அக்டோபர் 2, காந்தியடிகள் பிறந்த நாளன்று, பொது இடங்களுக்கான விதிகள் நடைமுறைக்கு வந்தன. “பேருந்து நிறுத்தம் திறந்த வெளிதானே, அங்கே சட்டம் செல்லாது” என்று சிலர் வாதிடுவதைக் கேட்டிருக்கிறோம். அது தவறு. பேருந்து நிறுத்தமும் இரயில் நிலையமும் விளையாட்டரங்கமும் திறந்த வெளிக் கணக்கில் சேரா என்று அந்த 2008 விதிகளே சொல்கின்றன. மீறினால் 200 ரூபாய் வரை அபராதம். அந்த அபராதத்தைப் பள்ளி வளாகத்துக்குள் விதிக்கும் அதிகாரம் தலைமையாசிரியருக்கும் உண்டு என்று அறிந்தபோது எங்கள் வகுப்பில் எழுந்த சிரிப்பு அடங்க வெகு நேரமாயிற்று. எங்கள் தலைமைச் சகோதரி இரசீதுப் புத்தகமும் கையுமாக வாயிலில் நிற்பதை நினைத்துப் பார்த்தோம்!

நம் திருச்சபைக்கும் இது புதிய செய்தியன்று. 1642 ஆம் ஆண்டிலேயே திருத்தந்தை எட்டாம் உர்பான், ஸ்பெயின் நாட்டுச் செவில் மறைமாவட்டத்தில் ஆலயத்துக்குள்ளும் அதன் முற்றத்திலும் புகையிலையை எவ்வடிவிலும் பயன்படுத்தலாகாது என்று தடை செய்தார். அன்றைய தண்டனை 200 ரூபாய் அன்று, சபைவிலக்கம்! நம் நாளில் திருத்தந்தை பிரான்சிஸ் வேறொன்று செய்தார். வத்திக்கானில் ஊழியர்களுக்குச் சலுகை விலையில் சிகரெட் விற்று வந்தார்கள். அதில் நல்ல வருமானமும் இருந்தது. 2018 முதல் அவ்விற்பனை நிற்கும் என்று 2017 நவம்பரில் அறிவித்தார். உர்பானின் கட்டளை பிறரைத் திருத்த வந்தது. பிரான்சிஸின் கட்டளையோ தம் கையிலிருந்த வருமானத்தை விட்டது. எங்கள் மனத்துக்கு இரண்டாவதுதான் பெரிதாகப் படுகிறது. ஆலயத்துக்கோ பள்ளிக்கோ சொந்தமான கடைகளை வாடகைக்கு விடும் ஊர்களில், புகையிலைப் பொருள் விற்கக் கூடாது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்தால் போதுமே.

புகையின் கேட்டைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. பெட்டியின் மேலேயே படம் போட்டிருக்கிறார்கள். ஆண்டுதோறும் உலகில் 70 லட்சத்துக்கும் மேற்பட்டோர் புகையிலையால் மாள்கின்றனர். அவர்களுள் 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் தாமே புகைக்காமல், பிறர் விட்ட புகையைச் சுவாசித்தவர்கள். எங்கள் வழக்கு அவர்களைப் பற்றியது.

அப்படியானால் சட்டம் இருந்தும் ஏன் புகை ஓயவில்லை? பலகை மாட்டியதோடு வேலை முடிந்தது என்று எண்ணுவதால்தான். கல்வி நிலையத்திலிருந்து 100 கெஜத்துக்குள், அதாவது ஏறக்குறைய 91 மீட்டருக்குள், புகையிலை விற்கக் கூடாது என்கிறது சட்டம். இந்தத் தூரத்தை எல்லாரும் பள்ளி வாயிலிலிருந்து அளக்கிறார்கள். சட்டமோ சுற்றுச்சுவரின் வெளி எல்லையிலிருந்து அளக்கச் சொல்கிறது. வாயிலிலிருந்து எட்டத்தில் இருக்கும் பெட்டிக்கடை, பின்சுவரிலிருந்து பார்த்தால் கூப்பிடு தூரத்தில் இருக்கும். நாடா பிடித்து ஒருமுறை சுற்றி வந்தால் உண்மை தெரிந்து விடும். மத்திய சுகாதார அமைச்சகம் 2019 இல் திருத்தி வெளியிட்ட வழிகாட்டு நெறிகளில் இந்த எல்லைக்கு மஞ்சள் கோடு போடச் சொல்லியிருக்கிறது. கோடு போட்டால் கடைக்காரருக்கும் சந்தேகம் இராது, எங்களுக்கும் இராது.

அதே நெறிகள் ஒன்பதாம் வகுப்பு முதல் மாணவரையும் கண்காணிப்பாளராக நியமிக்கலாம் என்கின்றன. இதில் எங்களுக்குச் சற்று மாறுபட்ட கருத்து உண்டு. சுவரொட்டி எழுதச் சொன்னால் எழுதுவோம், நாடகம் போடச் சொன்னால் போடுவோம். வளாகத்தில் கிடக்கும் சிகரெட் துண்டைக் கண்டால் ஆசிரியையிடம் சொல்வோம். ஆனால் கடைக்கார அண்ணாச்சியிடம் போய், “சரத்தை அவிழ்த்து விடுங்கள்” என்று சொல்லும் பொறுப்பைப் பதினைந்து வயதுப் பெண்ணின் தலையில் வைக்கக் கூடாது. நாளையும் அவள் அந்தக் கடையைத் தாண்டித்தான் வீட்டுக்குப் போக வேண்டும். அது பெரியவர்கள் செய்ய வேண்டிய வேலை.

பெரியவர்கள் என்றதும் இன்னொன்று. பள்ளி விதிகள் எல்லாம் மாணவியருக்கே எழுதப்படுகின்றன. எங்களுள் புகைப்பவர் யார்? ஆண்டு விழாவன்று மதில் ஓரம் நின்று புகைப்பவர்கள் எங்கள் அப்பாக்களும் மாமாக்களும். கட்டட வேலைக்கு வருபவர்கள், பந்தல் போடுபவர்கள், பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஒரு கையால் வண்டியைத் திருப்பும் வேன் ஓட்டுநர்கள், இவர்களையும் விதி கட்ட வேண்டும். ஆலயமும் பள்ளியும் விடுதியும் ஒரே மதிலுக்குள் இருக்கும் இடங்களில் பங்குத் திருவிழாவின் பத்து நாளும் விதிக்கு விடுமுறை ஆகிவிடுகிறது. மறுநாள் பெருக்குவது விடுதிப் பிள்ளைகள். சுவரில் புகையிலை எச்சில் துப்பாமலிருக்கச் சிலுவை வரைந்து வைக்கிறார்கள். ஆண்டவரைக் காவற்காரராக நிறுத்துவது எங்களுக்கு உவப்பாயில்லை.

இவ்வளவும் எழுதிய பின் ஒன்றை மறைக்க மனம் வரவில்லை. திருநெல்வேலி, தென்காசி மாவட்டங்களில் பீடி சுற்றும் வீடு இல்லாத ஊர் குறைவு. எங்களுள் பலருடைய சீருடையும் புத்தகமும் அம்மாவின் சுளகிலிருந்து வந்தவை. இலையை நனைத்து, கத்தரித்து, தூள் வைத்துச் சுருட்டி, நூலால் கட்டி, ஆயிரக் கணக்கில் பீடிக்கடையில் கொடுத்தால்தான் கூலி. மாலையில் வீட்டுப்பாடத்துக்கு முன் கட்டு எண்ணிக் கொடுக்கும் தோழியர் எங்கள் வகுப்பிலேயே இருக்கிறார்கள். அந்தத் தூளின் நெடி தொட்டிலில் கிடக்கும் தம்பியின் மூக்கிலும் ஏறுகிறது. வீடு பொது இடம் அன்று என்பதால் எந்தப் பலகையும் அங்கே எட்டிப் பார்ப்பதில்லை. மே 31 ஆம் நாள் புகையிலை ஒழிப்பு நாள் வரும்போது, “புகையிலையைத் தொடுவதே பாவம்” என்று மேடையில் முழங்குகிறவர்களைக் கேட்டிருக்கிறோம். முன்வரிசையில் அமர்ந்திருப்பவள் அந்த நேரத்தில் தன் அம்மாவை நினைத்துத் தலை குனிவதை அவர்கள் கண்டதில்லை. எனவே பள்ளி எழுதும் விதி, வளாகத்தில் புகைத்தல், மெல்லுதல், துப்புதல், விற்றல் ஆகியவற்றைத் தடுக்கட்டும். சுற்றிப் பிழைப்பவளைக் குறை கூறும் ஒரு சொல்லும் அதில் வேண்டாம். அதோடு, பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கென அரசு தரும் கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பம் நிரப்ப ஓர் ஆசிரியை ஒரு நாள் மாலை உட்கார்ந்தால், அந்த அம்மாக்கள் இவ்விதியைத் தங்களுக்கு எதிரானதாக எண்ண மாட்டார்கள்.

எங்கள் வேண்டுகோள் பெரியதன்று. அடுத்த பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் இவ்விதியை எழுதி வாசித்து நிறைவேற்ற வேண்டும். யாரிடம் முறையிடுவது என்று ஒருவர் பெயரைப் பலகையில் எழுத வேண்டும். சட்டமும் அதைத்தான் கேட்கிறது. நாடாவைப் பிடித்துப் பின்சுவரிலிருந்து அளக்கப் பெற்றோர் இருவர் முன்வர வேண்டும். மறு முனையை நாங்கள் பிடித்துக் கொள்கிறோம். ஜூன் மாதம் வேன் ஓட்டுநர்களிடம் கையொப்பம் வாங்கும் தாளில், பிள்ளைகள் வண்டியில் இருக்கும்போது புகைப்பதில்லை என்ற வரியையும் சேர்த்து விடலாம்.