உப்புக்கு நாக்குதான் சாட்சி

"படம் நன்றாயில்லை என்று சொல்ல இவர்கள் யார்?" என்று கேட்டார் என் நண்பர். நண்பர் படித்தவர். சினிமா, சங்கீதம், இலக்கியம் மூன்றைப் பற்றியும் தீர்மானமான அபிப்பிராயங்கள் உடையவர். போகிற போக்கில் ரசிகன் பேசுகிற பேச்சும் அடிக்கிற கேலியும் அவருக்கு வெறும் வம்பு. நான் இதை ஒப்பவில்லை. அன்றும் ஒப்பவில்லை, இன்றும் ஒப்பவில்லை.

அவர் அப்படிக் கேட்டது மரக்காணத்து உப்பளத்தில். விடியுமுன்பே உப்பு வாரத் தொடங்கிய பெண்கள் நாலைந்து பேர், வெயில் ஏறியதும் ஓலைக் கொட்டகைக்குள் கஞ்சி குடிக்க உட்கார்ந்தார்கள். குடித்துக்கொண்டே ஏதோ ஒரு படத்தைக் கிழித்துக்கொண்டிருந்தார்கள். அதில் கதாநாயகி கூலிக்காரியாம். "அவ பாதத்தைப் பார்த்தியாக்கா? ஒரு வெடிப்பு இல்லே! என்ன எண்ணெய் தடவுறான்னு கேட்டு வாங்கணும்" என்றாள் ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள். நண்பர் முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் மேற்படி கேள்வியைப் போட்டார்.

எனக்கோ சிரிப்பு வரவில்லை. காரணம் சொல்ல வெட்கமாயிருக்கிறது; ஆனாலும் சொல்கிறேன். என் கதை ஒன்றில் உப்பளம் வருகிறது. நிலாவைப் பொடித்துப் பரப்பியது போல இருந்தது என்று எழுதியிருக்கிறேன். அந்த வாக்கியத்தைப் பாராட்டி வந்த கடிதங்களைப் பத்திரப்படுத்தியும் வைத்திருக்கிறேன். கொஞ்சம் வீம்பாகவே அதை அந்த அம்மாளிடம் சொன்னேன். அவள் சற்று யோசித்தாள்.

"சார் ராத்திரியிலே வந்து பார்த்திருப்பாரு" என்றாள்.

என் எழுத்துக்கு இதைவிட நேர்மையான விமர்சனம் வந்ததில்லை. பகலில் அந்த வெள்ளை கண்ணைப் பறிக்கிறது; காலில் புண் இருந்தால் ஒவ்வோர் அடியும் எரிகிறது. ராஜம் கிருஷ்ணன் தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களைத் தேடிப் போய்ப் பார்த்துவிட்டு 1979-இல் 'கரிப்பு மணிக'ளைத் தந்தார். அவர் உப்பு கரித்தது. என் உப்பு மினுக்கியது. வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க அந்த அம்மாளுக்கு எந்த இலக்கிய சித்தாந்தமும் தேவைப்படவில்லை.

நண்பரே, இந்த 'வம்பு' நேற்று முளைத்ததல்ல. சங்க காலத்து எயிற்பட்டினம் இந்த மரக்காணம்தான் என்று அறிஞர் பலர் கருதுகிறார்கள். சிறுபாணாற்றுப்படையில் பரிசு பெற்றுத் திரும்பும் பாணன், எதிரே வரும் ஏழைப் பாணனிடம் நல்லியக்கோடனைப் பற்றிச் சொல்கிறான். எயிற்பட்டினத்தில் சுட்ட மீனும் தேறலும் கிடைக்கும், ஆமூரில் நண்டுக் கலவையோடு வெண்சோறு கிடைக்கும் என்று வழியையும் சேர்த்துச் சொல்கிறான். 'நான் கண்டேன், நீயும் போ' என்பதுதானே அது! சங்கீதத்துக்கும் வருவோம். 1943-இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் பிறந்ததற்குப் பின்னால் 'பாட்டுப் புரியவில்லையே' என்ற சாமானியனின் முணுமுணுப்பும் இருந்தது. சங்கீதத்துக்குப் பாஷை எதற்கு என்று சிரித்த மேதாவிகள் அன்றும் உண்டு.

ரசிகன் தவறுவதே இல்லையா? தவறுவான். பாட்டே இல்லாமல் 1954-இல் வந்த 'அந்த நா'ளை அவன் கைவிட்டான். இன்று அதை நாம் கொண்டாடுகிறோம். ஆனால் காசு கொடுத்து, உட்கார்ந்து பார்த்து, தவறினான். அந்தத் தவறுக்கு ஒரு யோக்கியதை உண்டு.

யோக்கியதை இல்லாதது எது தெரியுமா? ஊருக்குத் திரும்பும் வழியில் ஒரு பெரிய நாவலைப் பற்றிப் பேச்சு வந்தது. "தலையணைக்கு ஆகும்" என்றார் நண்பர். நானும் சிரித்தேன். "படித்தீர்களா?" என்றேன் பிறகு. இல்லையாம், யாரோ சொன்னார்களாம். நான் மட்டும் என்ன, படித்துவிட்டா சிரித்தேன்? உப்பளத்துப் பெண்ணின் கேலி அவள் பாதத்திலிருந்து வந்தது. எங்கள் கேலி இரவல்.

பாத்தியில் உப்பு நீர் வெயிலில் சுண்டிச் சுண்டி 25 டிகிரிக்கு வந்தால்தான் உப்பு விளையும். 30-ஐ நெருங்க விட்டால் கசப்பு உப்புகள் சேர்ந்துகொள்ளும். அந்த நீரை வெளியேற்றிவிட வேண்டும். அபிப்பிராயமும் அப்படித்தான். அனுபவத்தில் சுண்டாதது வெறும் நீர். அகம்பாவத்தில் சுண்டியது கசப்பு.

ஆகவே, வாசகர்களே, தாராளமாகக் கேலி செய்யுங்கள். முதலில் பாருங்கள், கேளுங்கள், படியுங்கள். பிறகு வாய்க்கு வந்ததைச் சொல்லுங்கள். என் கதைகளைப் பற்றியும்தான். அடுத்த பதிப்பில் அந்த நிலாவை எடுத்துவிடுகிறேன்.