முன் சக்கரம் சொல்லும் சேதி

கோடை விடுமுறை வந்துவிட்டால் ஏற்காட்டுக்குப் போக வேண்டும் என்று குழந்தைகள் பிடிவாதம் பிடிப்பார்கள். சேலத்திலிருந்து மலை ஏறினால் 20 கொண்டை ஊசி வளைவுகள். மேலே போனதும் ஒண்டிக்கடைச் சந்திப்பில் இறங்கிச் சூடாக ஒரு காப்பி. பெயர்தான் ஒண்டிக்கடை, கடைகளுக்கு அங்கே பஞ்சமில்லை! பட்சண டப்பா, கம்பளிச் சட்டை எல்லாம் மறக்காமல் எடுத்து வைக்கிறீர்கள். காரின் முன் சக்கரங்களைப் பார்த்தீர்களா?

"அதெல்லாம் டிரைவர் சமாசாரம்" என்று சொல்லிவிடாதீர்கள். இப்போது பல வீடுகளில் டிரைவரே நீங்கள்தானே!

நேரான சமதளச் சாலையில் கார் தானாக ஒரு பக்கம் இழுக்கிறதா? நேராகப் போகும்போதும் ஸ்டியரிங் கோணலாக நிற்கிறதா? டயரின் ஓர் ஓரம் மட்டும் தேய்ந்திருக்கிறதா? காற்று சரியாக இருந்தும் இப்படி என்றால், வீல் அலைன்மென்ட் பார்க்க வேண்டும். பிரேக் போடும்போது மட்டும் இழுத்தால் அது பெரும்பாலும் பிரேக்கின் கோளாறு. அதை முதலில் கவனியுங்கள். மலைச் சாலையில் ஒரு பக்கம் பள்ளம், மறுபக்கம் பாறை. அங்கே இழுக்கிற காரோடு மல்லுக்கட்டுவது விளையாட்டல்ல.

அலைன்மென்டில் மூன்று கணக்குகள். இரண்டு முன் சக்கரங்களும் முன்புறம் நெருங்கியோ விலகியோ நிற்கும் அளவு 'டோ'. சக்கரத்தின் தலை உள்ளே அல்லது வெளியே சாய்வது 'கேம்பர்'. சைக்கிளின் முன் கவை சாய்ந்திருக்கிறதல்லவா, அதுபோன்ற சாய்வு 'கேஸ்டர்'; திருப்பிய ஸ்டியரிங் தானாக நேருக்கு வருவது முக்கியமாக இதனால்தான்.

இனிதான் முக்கியமான விஷயம். கதவு நிலையில் இடிக்கிறது என்று தச்சரை அழைக்கிறீர்கள். கீல் ஆடிக்கொண்டிருக்கும்போது அவர் கதவை இழைத்தால் என்ன பிரயோஜனம்? காரும் அப்படித்தான். பால் ஜாயிண்ட், டை ராட் முனை, ரப்பர் புஷ், சக்கர பேரிங் இவற்றில் ஆட்டம் இருந்தால், மெஷின் காட்டும் அளவு வாசலைத் தாண்டுவதற்குள் மாறிவிடும். கொடுத்த பணம் தண்டம்.

1958 முதல் 2014 வரை உத்தர்பாராவில் தயாரான அம்பாஸடர் காரின் முன்பக்கத்துக்கு அடிக்கடி கிரீஸ் அடித்தாக வேண்டும். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. அந்த வகைச் சிறு கார்கள் பலவற்றில் முன்பக்கம் திருகிச் சரிசெய்யக் கூடியது டோ மட்டுமே. கேம்பர் தவறியிருந்தால் எங்கோ ஏதோ வளைந்திருக்கிறது, அல்லது தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

ஒர்க் ஷாப்பில் காரை ஜாக்கியால் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்து நிறுத்துவார்கள். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் பேரிங், பால் ஜாயிண்ட் குறை தெரியும். பக்கவாட்டில் பிடித்து ஆட்டினால் டை ராட் குறை தெரியும். ரப்பர் உறை கிழிந்திருந்தால் மண்ணும் நீரும் புகுந்து ஜாயிண்டைத் தின்றுவிடும். புது புஷ் போட்டால், காரின் பாரம் சக்கரங்களில் இறங்கிய பிறகே அதன் போல்ட்டைக் கடைசியாக முறுக்க வேண்டும். இல்லையேல் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும்.

டை ராடின் லாக் நட் துருப்பிடித்து அசைய மறுப்பது சர்வ சாதாரணம். கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துரு நீக்கும் எண்ணெய் விட்டு ஊறவைத்தால் வழிக்கு வரும். பொறுமையில்லாதவர் ஒரு பக்கத்தை மட்டும் திருகி அனுப்பிவிடுவார். டோ கணக்கு சரியாகிவிடும். ஸ்டியரிங்தான் கோணலாக நிற்கும்!

ஆகையால் காரை விடும்போதே மூன்று விஷயங்களைச் சொல்லிவிடுங்கள்: முதலில் ஆட்டம் பாருங்கள், பிறகு அலைன்மென்ட், முன் அளவும் பின் அளவும் அச்சிட்ட சீட்டாக வேண்டும், லாக் நட்டை இறுக்கிய பிறகு நேர்ச் சாலையில் ஒரு சுற்று ஓட்டிக் காட்ட வேண்டும். மலையேறுவதற்கு முதல் நாள் ஓடாதீர்கள்; ஒரு வாரம் முன்பே போங்கள். ஏதாவது பாகம் மாற்ற வேண்டியிருந்தால் அவகாசம் இருக்கும்.