நம் கோப்பு எங்கே போகிறது?

வேலையில் அடிபட்டால் சொக்சோ. பிள்ளைக்குப் பிறப்புப் பத்திரம் இல்லையென்றால் தேசியப் பதிவு இலாகா. குடும்பத்தில் அடிதடி என்றால் வழக்கறிஞர். தெப்ராவ் வட்டாரத்தில் நம்மவர்கள் ஏறி இறங்காத வாசல் இல்லை. ஒவ்வொரு வாசலிலும் அடையாள அட்டை, மருத்துவ அறிக்கை என்று நகலெடுத்துக் கொடுக்கிறோம். கொடுத்த பிறகு அது எங்கே போகிறது என்று கேட்பதில்லை.

இனி கேட்க வேண்டும். மனு எழுதவும் அறிக்கையைச் சுருக்கவும் சாட்ஜிபிடி போன்ற செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் வந்துவிட்டன. வேலை சீக்கிரம் முடிகிறது, நல்லதுதான். ஆனால் இலவசக் கணக்கில் ஒட்டிய விவரம் அந்நிய நிறுவனத்தின் கணினிக்குப் போய்விடுகிறது. வேண்டாம் என்று அமைப்பை மாற்றாவிட்டால், அந்த இயந்திரத்தைப் பழக்கவும் அது பயன்படலாம். 2023-இல் சாம்சுங் ஊழியர்களே நிறுவன இரகசியத்தை இப்படி ஒட்டிவிட, நிறுவனம் தடை போட்டது. அவர்களுக்கே அந்தக் கதி என்றால் நம் கோப்புக்கு என்ன காவல்?

"பெயரை எடுத்துவிட்டோம்" என்பார்கள். அடையாள அட்டையின் 12 எண்களில் முதல் ஆறு பிறந்த தேதி. அடுத்த இரண்டு பிறந்த இடம். கடைசி எண் ஆணா பெண்ணா என்று சொல்லும். அந்த எண் இருந்தால் பெயர் எதற்கு?

சட்டம் இல்லையா? இருக்கிறது. 2010-ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2024-இல் திருத்தப்பட்டது. அபராதம் 10 லட்சம் ரிங்கிட் வரை உயர்ந்தது. ஆனால் மத்திய, மாநில அரசாங்கங்களை இச்சட்டம் கட்டுப்படுத்தாது. ஏழைத் தமிழன் அதிகம் கைகட்டி நிற்பதோ அரசாங்க முகப்பில்தான்!

நோய் விவரம் வெளியானால் நம் தொழிலாளிக்கு வேலை போகும். அடிக்குப் பயந்து ஓடிவந்த பெண்ணின் முகவரி வெளியானால் உயிரே போகும். 2017-இல் இந்நாட்டின் 4 கோடியே 60 லட்சம் கைத்தொலைபேசிக் கணக்குகளின் விவரம் கசிந்ததை மறந்துவிடக் கூடாது.

2025 ஜூலையில் கேரள உயர்நீதிமன்றம் தன் மாவட்ட நீதிமன்றங்களுக்கு விதி வகுத்தது: அனுமதிக்கப்படாத இணையச் செயலிகளைத் தவிர்க்க வேண்டும், தீர்ப்பை இயந்திரம் முடிவு செய்யக் கூடாது. இங்கேயும் ஒவ்வோர் அலுவலகத்துக்கும் அப்படி ஒரு விதி வேண்டும். அரசாங்கத்துக்குக் கொடுத்த விலக்கும் நீங்க வேண்டும்.

அதுவரை, தாளை நீட்டும் முன் ஒரு கேள்வி: "ஐயா, இதை எந்தச் செயலியிலாவது போடுவீர்களா?" கேட்பது மரியாதைக் குறைவல்ல. அது நம் உரிமை.