உடையவரா? ஓட்டியவரா?

கடலே இல்லாத தென்காசியில் வாழும் நமக்குக் கப்பலைப் பற்றி என்ன பேச்சு என்று கேட்பீர்கள். குற்றால மலையில் பிறக்கும் சிற்றாறு நம் ஊர் வழியாக ஓடித் தாமிரபரணியோடு கலந்து, முடிவில் கடலைத்தானே சேர்கிறது! நம் பேச்சும் அங்கே போனால் தவறில்லை.

வ.உ.சிதம்பரனாரைப் பற்றிப் படித்தபோது எங்கள் வகுப்பில் ஒரு கேள்வி எழுந்தது. "அவர் வக்கீல் அல்லவா? சுக்கான் பிடித்தவர் இல்லையே! 'கப்பல் உடைய தமிழன்' என்பதுதானே சரி?" எல்லோரும் சிரித்தோம். பிறகு சிந்தித்தோம்.

சிலப்பதிகாரத்தில் கண்ணகியின் தந்தை மாநாய்கன். நாய்கன் என்றால் கடல் வாணிகம் செய்பவன். கோவலனின் தந்தை மாசாத்துவன். சாத்து என்பது தரைவழியே செல்லும் வணிகர் கூட்டம். இரு பெயர்களும் செய்யும் தொழிலையே சொல்கின்றன. சேர்த்த செல்வத்தை அல்ல. பின்லாந்து மொழியில்கூடக் கப்பல் முதலாளிக்கு 'லைவன்வருஸ்தயா' என்று பெயர். 'லைவா' என்றால் கப்பல். 'வருஸ்தயா' என்றால் வேண்டியவற்றையெல்லாம் சேர்த்து ஆயத்தம் செய்பவர். அங்கும் 'உடையவர்' இல்லை!

சிதம்பரனார் 1906இல் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். பங்கு ஒன்று 25 ரூபாய், பங்குகள் 40,000, மூலதனம் 10 லட்சம். ஆகவே அவர் ஒருவர் மட்டும் உடையவர் அல்லர். பங்கு வாங்கிய ஒவ்வொருவரும் உடையவரே. ஆனால் ஊர் ஊராகச் சென்று பங்கு சேர்த்து, 'காலியா', 'லாவோ' என்னும் கப்பல்களை வரவழைத்து, வெள்ளையர் கம்பெனிக்குப் போட்டியாகக் கொழும்புக்கு ஓட வைத்தவர் அவர்.

1908இல் அவர் சிறை புகுந்தார், செக்கிழுத்தார். 1911இல் கம்பெனி கலைக்கப்பட்டது. 1912இல் விடுதலையாகி வந்தபோது கப்பலும் இல்லை, கையில் காசும் இல்லை. 'உடையவர்' என்று அழைத்திருந்தால் அந்தப் பெயர் அன்றே பொய்யாகியிருக்கும். 'ஓட்டிய' என்றதால் இன்றும் மெய்யாக நிற்கிறது. உடைமையைப் பறிக்கலாம், செய்த செயலைப் பறிக்க முடியுமா?

தோழியரே, புதிதாக ஒருத்தி வகுப்பில் சேர்ந்தால் நாம் முதலில் என்ன கேட்கிறோம்? "உங்கள் வீட்டில் கார் இருக்கிறதா? சொந்த வீடா?" பெரியோர்களும் பெண் பார்க்கும்போது இதைத்தானே கேட்கிறார்கள்! "உனக்கு என்ன செய்யத் தெரியும்? என்ன செய்ய ஆசை?" என்று கேட்டுப் பழகுவோம்.

'கப்பலோட்டிய தமிழன்' இருக்கிறார். 'ஓட்டிய தமிழச்சி' என்னும் பெயர் இன்னும் காத்திருக்கிறது. அதை நம்மில் ஒருத்தி பெறட்டும்!

– பத்தாம் வகுப்பு மாணவி