75 லட்சம் ரொக்கம்... ஆதாரம் எங்கே?

பெங்களூரு சொத்து ஒன்றுக்கு 75 லட்சம் ரூபாயை ரொக்கமாகவே அட்வான்ஸ் கொடுத்ததாகச் சொல்லி வழக்குப் போட்டார்கள். 2025 ஏப்ரலில் அந்த வழக்கை நிராகரித்த உச்ச நீதிமன்றம், அதோடு விடவில்லை. இனி 2 லட்சம், அதற்கு மேல் ரொக்கம் கைமாறியதாக வழக்கு வந்தால் வருமான வரித்துறைக்குத் தகவல் போக வேண்டும் என்றது. நிலத்துக்கு அட்வான்ஸாக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதே தப்பு. வாங்கியவருக்கு அதே தொகை அபராதம்! ‘பாதி செக், பாதி கறுப்பு’ என்று புரோக்கர் சொன்னால் உஷார். அந்தக் கறுப்புப் பாதியை எந்தக் கோர்ட்டில் நிரூபிப்பீர்கள்?

வங்கி வழியாகவே அனுப்பி, பரிவர்த்தனை எண்ணையும் தேதியையும் கிரயப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். செக் என்றால், அது பாஸான வங்கிப் பதிவையும் பத்திரத்தோடு வையுங்கள். தவணையா? ஒவ்வொரு முறையும் அக்ரிமென்ட்டின் பின்பக்கம் வரவு எழுதி, சாட்சியோடு கையெழுத்து வாங்குங்கள். சொந்தக்காரராக இருந்தாலும்தான்!