தெருப் பணமும் ஊர்ப் பொறுப்பும்

ஊர் தோன்றிய நாள்தொட்டே தெருவும் உளது. வண்டி செல்லுதற்கு மாத்திரமே அஃது அமைந்ததென நம் முன்னோர் எண்ணினாரல்லர். வாயிலிற் கோலமிடுதலும், திண்ணையிலிருந்து அயலாரோடு அளவளாவுதலும், மாலைப் பொழுதிற் சிறுவர் பந்தாடுதலும், திருவிழாக் காலத்துத் தேரோடுதலும் ஆகிய எல்லாம் தெருவிலேயே நிகழ்ந்தன. இந்நாளிலோ பெருஞ்சாலையின் நெரிசலுக்கு அஞ்சிக் குறுக்கு வழி தேடும் கார்களும் இருசக்கர வண்டிகளும் குடியிருப்புத் தெருக்களில் விரைந்தோடுகின்றன. முதியோர் எதிர்வீட்டிற்குச் செல்லவும் தயங்குகின்றனர். தாய்மார் தம் பிள்ளைகளை வாயிற்படி கடவாதபடி தடுத்து நிறுத்துகின்றனர்.

இந்நிலையைப் பொறாத தெருவார் பல நாடுகளிலும் ஒன்றுகூடித் தம்முட் பணம் தண்டி, வேகத்தடையும் எச்சரிக்கைப் பலகையும் அமைத்துக்கொள்ள முற்படுகின்றனர். இம்முயற்சியைப் பற்றி என் கருத்தை முதலிலேயே கூறிவிடுகின்றேன். தெருவார் பணம் சேர்த்தல் நன்றே. ஆயின் அப்பணம் ஒரு தெருவுக்கு மாத்திரம் காப்புத் தேடுதற்குச் செலவாகுமேல், அதனால் அண்டைத் தெருவுக்கும் ஏழைத் தெருவுக்கும் தீங்கு விளையும். அண்டைத் தெருக்கள் எல்லாம் ஒருங்கு கூடி, நகராட்சியின் கடமையை நகராட்சியே செய்யுமாறு தூண்டுதற்கு அது பயன்படுமேல், அதனினும் சிறந்த ஊர்ப்பணி அரிது.

முதற்கண், வேகத்தைக் குறைத்தலால் என்ன பயன் என்பாருக்கு விடை கூறுதல் வேண்டும். இயங்கும் பொருளின் ஆற்றல் அதன் வேகத்தின் வர்க்கத்திற்கேற்பப் பெருகும் என்பது பௌதிக வகுப்பில் யாவரும் கற்றதே. மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி 50 கிலோமீட்டர் வேகங் கொள்ளுமாயின், வேகம் இரண்டு மடங்குகூட ஆவதில்லை. தாக்கும் ஆற்றலோ ஏறக்குறைய 2.8 மடங்காகின்றது. பந்தைத் துரத்திக்கொண்டு குழந்தை குறுக்கே ஓடி வருதலைக் கண்டு, ஓட்டுநர் தடையை மிதிப்பதற்கு ஒரு விநாடி கழியுமெனக் கொள்வோம். அந்த ஒரு விநாடியில் முதல் வண்டி ஏறக்குறைய 8 மீட்டரும், இரண்டாவது வண்டி ஏறக்குறைய 14 மீட்டரும் ஓடிவிடும். குறுகிய தெருவில் இந்த ஆறு மீட்டரே உயிருக்கும் சாவுக்கும் இடைப்பட்ட தூரமாகலாம்.

இஃது ஏட்டளவில் நிற்கும் கணக்கன்று. 2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர் என மத்திய அரசின் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் கணக்கு வெளியிட்டது. அவருள் 32,825 பேர் நடந்து சென்றவர். அவ்வாண்டில் விபத்துக்களின் தொகையில் முதலிடம் பெற்றது 64,105 விபத்துக்கள் நிகழ்ந்த தமிழ்நாடே. இந்தியாவில் நிகழ்ந்த விபத்துக்களுட் பாதிக்கு மேற்பட்டவை தேசிய, மாநில நெடுஞ்சாலைகளில் நிகழ்ந்தமை உண்மையே. எனினும் நூற்றுக்கு நாற்பதுக்கு மேற்பட்டவை ஏனைச் சாலைகளிலேயே நிகழ்ந்தன. ஆகவே, தெருவாரின் அச்சம் வீணானதென ஒருவரும் கூறவியலாது.

இதற்குப் பரிகாரம் காண முற்பட்டோர் பலர். அவருள் ஒருவர் கல்லூரி மாணவர் நன்கறிந்த விஞ்ஞானியாவார். 1926-27-இல் லாகூரிலுள்ள பஞ்சாப் பல்கலைக்கழகத்திற் சொற்பொழிவாற்றியவரும், 1927-ஆம் ஆண்டுக்குரிய பௌதிக நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவருமாகிய ஆர்தர் காம்ப்டன், பின்னாளில் அமெரிக்காவின் செயின்ட் லூயி நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். பல்கலைக்கழகக் கட்டடத்தின் முன்னே கார்கள் விரைந்து செல்லுதலைக் கண்டு, 1953-இல் அவற்றின் வேகத்தை அடக்கும் மேடுகளை அவர் வகுத்தமைத்தார். அணுவினும் நுண்ணிய பொருளை ஆராய்ந்த அறிஞர் தெருவிலுள்ள மேட்டையும் தம் கவனத்திற்கு உரியதெனவே கருதினார்.

பின்னர் பிரிட்டனின் சாலை ஆராய்ச்சிக் கூடத்தார் 1970-களின் தொடக்கத்திற் பலவகை மேடுகளைச் சோதித்து, 12 அடி நீளமும் 4 அங்குல உயரமும் உடைய வளைந்த மேட்டைத் தக்கதெனக் கண்டனர். இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் 1988-இல் வெளியிட்ட நெறிமுறையும் ஏறக்குறைய இவ்வளவையே கூறிற்று: நீளம் 3.7 மீட்டர், உயரம் 10 சென்டிமீட்டர், கடக்கும் வேகம் மணிக்கு 25 கிலோமீட்டர். மேட்டின்மீது கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை தீட்டலும், 40 மீட்டர் முன்னரே எச்சரிக்கைப் பலகை நாட்டலும் அந்நெறிமுறையில் அடங்கும்.

தெருவார் தாமே முற்பட்டு நாட்டின் சட்டத்தையே மாற்றியதற்கு நெதர்லாந்து ஓர் எடுத்துக்காட்டு. 1971-இல் அச்சிறு நாட்டின் சாலைகளில் மூவாயிரத்தின் மேற்பட்டோர் மாண்டனர். அவருட் குழந்தைகள் மாத்திரம் நானூற்றுக்கு மேற்பட்டோர். பெற்றோர் கொதித்தெழுந்து, குழந்தைக் கொலையை நிறுத்துக என முழங்கி இயக்கம் நடத்தினர். அதற்குச் சில ஆண்டுகட்கு முன்னரே, டெல்ஃப்ட் நகரத்துக் குடியிருப்புப் பகுதியொன்றில் மரமும் இருக்கையும் வளைவும் அமைத்து, வண்டிகள் நடைவேகத்திற் செல்லும்படி தெருக்கள் மாற்றப்பட்டிருந்தன. அவ்வகைத் தெருவுக்கு ‘வூனெர்ஃப்’ என்று பெயர். வாழ்முற்றம் என நாம் அதனைத் தமிழிற் கூறலாம். 1976-இல் அந்நாட்டுச் சட்டமும் வாழ்முற்றத்தை ஏற்றுக்கொண்டது. ஒரு பகுதியிற் செய்து காட்டியது பொதுச் சட்டமாய்ப் பரவியமையே இங்கு நாம் கருதத்தக்கது.

இனி, பணத்தின் செய்திக்கு வருவோம். வீடுதோறும் சென்று நன்கொடை தண்டுதலிற் சில நன்மைகள் உள. முன்பு முகம் பாராத அயலார் ஒருவரோடொருவர் பேசுகின்றனர். பணம் கொடுத்தவர் அது செலவாகும் வகையை வினவுகின்றனர். தம் தெருவுக்கு வேகத்தடை வேண்டுமெனக் கையொப்பமிட்டவர், அடுத்த தெருவிலே தாம் வண்டியோட்டும் வேகத்தையும் எண்ணிப் பார்க்கத் தலைப்படுகின்றனர். மக்கள் ஒரு பங்கு தர எஞ்சியதை அரசு தரும் முறையும் நமக்குப் புதிதன்று. தமிழ்நாட்டில் 1997-இல் தோன்றி, 2021-இல் மீண்டும் உயிர்பெற்ற ‘நமக்கு நாமே’ திட்டம் இவ்வடிப்படையில் எழுந்ததேயாம்.

எனினும் இதில் ஓர் இடர் மறைந்துள்ளது. பணமுள்ள தெரு விரைவில் வேகத்தடை பெறும். அங்கே தடையுண்ட ஓட்டுநர் தம் பயணத்தை விட்டொழிவாரல்லர். இணையாகச் செல்லும் வேறொரு தெருவை நாடுவர். அத்தெருவிலே கூலி வேலை செய்வோர் குடியிருப்பின், நன்கொடை தண்டுதற்கு அவர்பால் மிச்சமும் இராது. கூட்டங் கூடுதற்கு ஓய்வும் இராது. முற்றமும் தோட்டமும் உடைய வீட்டுப் பிள்ளை உள்ளே விளையாடலாம். ஓரறை வீட்டுப் பிள்ளைக்குத் தெருவே முற்றம். அப்பிள்ளை விளையாடும் தெருவுக்கு நெரிசலைத் தள்ளிவிட்டு, நம் தெரு அமைதியுற்றது என மகிழ்தல் அறமாகுமா?

இன்னும் ஒன்று உண்டு. தெருவார் முழுச் செலவையும் தாமே ஏற்பாராயின், நகராட்சி அதனை வழக்கமாகக் கொண்டுவிடும். நாளை ஏழைத் தெருவார் விண்ணப்பத்தோடு செல்லுங்கால், அவர்களும் பணம் சேர்த்து வரட்டும் என விடை கூறுதல் எளிதாகும். குடிநீர் வரும் குழாயையும் கழிவுநீர் செல்லும் வாய்க்காலையும் போலத் தெருவில் உயிர்க்காப்பும் ஊருக்குப் பொதுவாதல் வேண்டும். அதனைப் பணப்பையின் அளவு நோக்கிப் பங்கிடுதல் தகாது.

தெருவைத் தனியே பிரிக்காமற் பகுதி முழுவதையும் சேர்த்துத் திருத்துதல் மேலானதென்பதற்குச் சான்றும் உளது. லண்டன் மாநகரத்தில் மணிக்கு 20 மைல், அஃதாவது ஏறக்குறைய 32 கிலோமீட்டர், என வேகம் வரையறுத்து, வேகத்தடை முதலியன அமைத்த பகுதிகளை ஆராய்ந்தோர், 1986 முதல் 2006 வரையுள்ள கணக்குகளைக் கொண்டு தம் முடிவை 2009-இல் பிரிட்டிஷ் மருத்துவச் சஞ்சிகையில் வெளியிட்டனர். அப்பகுதிகளிற் சாலை விபத்தில் ஊறுபட்டோர் தொகை நூற்றுக்கு 42 அளவு குறைந்தது. விபத்துக்கள் அயற்பகுதிகளுக்குப் பெயர்ந்தமைக்கும் சான்று காணப்படவில்லை; அங்கும் சிறிது குறைவே ஏற்பட்டது. ஒரு தெருவைத் தடுத்து மற்றொன்றைத் திறந்துவிடாது பகுதி முழுவதையும் அமைதிப்படுத்தின், யாவரும் நலம் பெறுதல் கூடும்.

சிலர் இங்கே தடை எழுப்புவர். ‘வரி செலுத்துகின்றோமே, மீண்டும் பணம் எதற்கு?’ என்பது முதலாவது. இது நியாயமான வினா. ஆதலினாலேதான் மக்கள் தருவது ஒரு சிறு பங்காகவே நிற்றல் வேண்டும். பெரும்பங்கையும் பராமரிப்பையும் நகராட்சி ஏற்றல் வேண்டும். ‘மேடுகள் ஆம்புலன்சையும் தீயணைப்பு வண்டியையும் தாமதப்படுத்தும்’ என்பது இரண்டாவது. அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரத்தில் 1990-களில் நிகழ்ந்த சோதனையில், ஒரு மேட்டிற்கு ஏறக்குறையப் பத்து விநாடி வரையில் தாமதம் நேர்ந்தது. மேடுகள் பலவாயின் இது சிறிதன்று. ஆகையால் மருத்துவமனைக்குச் செல்லும் முதன்மை வழிகளில் மேடிடாது, சந்திகளிற் சிறு வட்டமோ, பெருவண்டியின் சக்கரம் இடைவெளியிற் செல்லத்தக்க பிளவுபட்ட மேடோ அமைத்தல் தகும்.

மூன்றாவதாக ஒரு குற்றமும் உண்டு; அது தடை எழுப்புவோரைச் சார்ந்ததன்று, தெருவாரையே சார்ந்தது. அனுமதியின்றி, வீடு கட்டி மிஞ்சிய கான்கிரீட்டைத் தெருவின் குறுக்கே கொட்டிச் செங்குத்தான வரப்பு எழுப்புவோர் நம் ஊர்களிற் பலர். வண்ணமும் பலகையும் விளக்குமில்லாத அவ்வரப்பில் இரவிலே இருசக்கர வண்டியோட்டி மோதி வீழின், அவர் உயிருக்கு விடை கூறுவார் யார்? உயிர்காக்கப் போட்ட மேடு உயிர் கவரலாகாது. அளவறியாது செய்யும் நன்மை தீமையோடு ஒக்கும்.

ஆகவே தெருவார் செய்யத்தக்கன மூன்று. முதலாவது, அளத்தல். தெருவோரத்தில் 50 மீட்டர் தூரத்தை அடையாளமிட்டு, ஒரு வண்டி அதனைக் கடக்கும் விநாடிகளை எண்ணுக. ஆறு விநாடியாயின் வேகம் மணிக்கு 30 கிலோமீட்டர், 3.6 விநாடியாயின் 50 கிலோமீட்டர். பள்ளி தொடங்கும் வேளையிலும் விடும் வேளையிலும் ஒரு வாரம் இவ்வாறு எண்ணிக் குறித்த தாள், நகராட்சி அலுவலகத்தில் நூறு முறையீட்டினும் வலிமையுடையதாகும். இதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. மணிக்கூடும் பென்சிலும் பொறுமையும் உடைய மாணவர் நால்வர் போதும்.

இரண்டாவது, தெருவெல்லையைக் கடத்தல். நன்கொடைப் புத்தகத்தை எடுக்குமுன் அண்டைத் தெருக்களின் மக்களையும் அழைத்து, வார்டு முழுமைக்கும் ஒரு வரைபடம் வகுத்து, ஆபத்து மிகுந்த இடமே முதலிற் சீர்பெறுதல் வேண்டுமென உடன்படுக. அதிகம் கொடுத்த தெருவுக்கே முதன்மை என்னும் பேச்சு எழலாகாது. மூன்றாவது, உழைப்பையும் பணமாகக் கருதுதல். அமெரிக்காவின் சியாட்டில் நகரம் 1988-இல் ஏற்படுத்திய அண்டைப்பகுதி நிதியில், மக்கள் தரும் பங்கு ரொக்கமாகவே இருத்தல் வேண்டுமென்பதில்லை. அவர்தம் உழைப்பும் பொருளும் மதிப்பிடப்பட்டு, அதற்கு ஈடாக நகரம் பணம் வழங்கும். நம் நாட்டிலும் இம்முறை வருமாயின், கையில் காசில்லாதவரும் தலைநிமிர்ந்து தம் பங்கைச் செலுத்துவர்.

மாணவ நண்பர்களே! கணிதமும் பௌதிகமும் பொருளாதாரமும் தேர்வுத்தாளோடு முடிந்துவிடுவன அல்ல. விடுமுறையில் நீவிர் உங்கள் ஊர் சென்றதும், உங்கள் தெருவில் மாத்திரமன்றி, அதன் பின்புறமுள்ள குறுகிய தெருவிலும் நின்று வண்டிகளை எண்ணிப் பாருங்கள். பட்டம் பெற்று அலுவலிலமர்ந்த பழைய மாணவர்காள்! உங்கள் வாயிலுக்கு நன்கொடைப் புத்தகம் வருங்கால் மனமுவந்து கொடுங்கள். கொடுக்குமுன், ‘அடுத்த தெருவுக்கு என் செய்யப் போகின்றீர்?’ என்றும் கேளுங்கள். அவ்வினாவுக்குத் தக்க விடை கிடைக்கும் ஊரில், எத்தெருப் பிள்ளையாயினும் அச்சமின்றி வாயிற்படி கடந்து விளையாடும்.