சாட்டைக்கு முன் சக்கரம்



பொங்கல் கழிந்து களத்து வேலைகள் ஓய்ந்துவிட்டால், கிணத்துக்கடவுச் சுற்றுவட்டாரத்தில் நால்வர் கூடும் இடமெல்லாம் ரேக்ளாப் பந்தயப் பேச்சாகவே இருக்கும். அண்மையில் நோயுற்ற முதியவர் ஒருவரைக் கண்டு திரும்பும் வழியில், ஒரு தச்சுப் பட்டறையின் முன் நாம் சற்று நிற்க நேர்ந்தது. குடியானவர் ஒருவர் தம் பாட்டனார் காலத்து ரேக்ளாச் சக்கரங்கள் இரண்டைக் கொண்டுவந்து இறக்கியிருந்தார். அவை பல்லாண்டுகள் மாட்டுச்சாளையின் மூலையில் கிடந்தவை. பத்து வயது மதிக்கத்தக்க அவருடைய மகனும் உடன் வந்திருந்தான்.

"பந்தயம் பக்கத்துல வந்துருச்சுங்க. வார்னிஷ் அடிச்சுப் பளபளன்னு பண்ணிக் குடுத்துருங்க. காளைக ரெண்டும் நல்ல ஓட்டமுங்க; மத்தத அதுக பாத்துக்கும்" என்றார் அவர்.

முதிய தச்சர் மறுமொழி கூறவில்லை. ஒரு சக்கரத்தை அச்சில் மாட்டி, கையால் சுழற்றிவிட்டுச் செவிசாய்த்துக் கேட்டார். சக்கரம் இப்புறமும் அப்புறமும் ஆடியது, உராய்ந்து முனகியது, நாலைந்து சுற்றுக்குள் நின்றுவிட்டது.

"பாத்தீங்களா? இந்த முடக்கத்தையெல்லாம் மாடுதானுங்க இழுக்கோணும். அது திணறுனா நீங்க சாட்டைய எடுப்பீங்க. குத்தம் சக்கரத்துல, அடி மாட்டுக்கா?"

அவ்வினா நம்மை விட்டு அகலவில்லை. அடுத்த சில நாள்களில் அவ்வழியே செல்லும்போதெல்லாம் பட்டறையில் நின்று பார்த்தோம். குடத்தினுள் புழுதியோடு கலந்து இறுகிப்போயிருந்த பழைய மசகை மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்துச் சுரண்டி எடுத்தார். தேய்ந்து அகன்றுவிட்ட இரும்புக் குழலை மாற்றினார். அச்சின் முனையில் ஏறியிருந்த துருவை அரத்தால் அகற்றி, முதலில் முரட்டு உப்புத்தாளும் பின்பு மெல்லிய தாளும் கொண்டு விரல் வழுக்கும் வரை தேய்த்தார். வெடித்திருந்த ஆரக்கால் ஒன்றுக்கு ஈடாகக் கருவேல மரத்தில் புதிதாகச் செதுக்கிப் பொருத்தினார். மரம் உலர்ந்து சுருங்கியதால் தளர்ந்து போன இரும்புப் பட்டாவைக் கழற்றிச் சிறிது வெட்டிக் குறுக்கி ஒட்டினார். பின்னர் வறட்டி நெருப்பில் அதைக் காய்ச்சி, விரிந்த நிலையிலேயே வட்டையின்மேல் இறக்கி நீரூற்றினார். குளிர்ந்த இரும்பு சுருங்கி, ஆரக்கால்கள் அனைத்தையும் குடத்தோடு இறுகப் பிணைத்தது. வார்னிஷ் பூசியது எல்லாவற்றிற்கும் கடைசியில்தான்.

நம் பகுதிப் பந்தயங்களில் 200 மீட்டர், 300 மீட்டர் எனத் தொலைவு வகுத்து வண்டிகளை ஓடவிட்டு நேரம் குறிப்பர். வினாடியின் சிறு பின்னமே பரிசைத் தீர்மானிக்கும். அப்பின்னத்தைச் சாட்டையால் பெற முயல்வோர் உண்டு. 2014-ஆம் ஆண்டு மே 7-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் சல்லிக்கட்டையும் மாட்டுவண்டிப் பந்தயத்தையும் தடைசெய்தபோது, விலங்குகள் படும் துன்பத்தையே காரணமாகக் காட்டியது. 2017-இல் மாநிலச் சட்டத் திருத்தம் வந்தபின் பந்தயங்கள் நம் ஊர்களுக்குத் திரும்பின. தச்சரின் கேள்வியும் அவற்றோடு திரும்பியே இருக்கின்றது.

மாடே இல்லாத பந்தயம் ஒன்றும் உலகில் உண்டு. 1953-இல் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்து மன்ஹாட்டன் பீச் என்னும் ஊரில், டான் மர்ஃபி என்பவர் சாரணர் இயக்கத்துக் குருளையருக்காக அதனைத் தொடங்கினார். ஒரு பைன் மரத்துண்டு, நான்கு பிளாஸ்டிக் சக்கரங்கள், அச்சாக நான்கு ஆணிகள். இவற்றால் தந்தையும் மகனும் சேர்ந்து சிறு வண்டி செய்வர். எடை 5 அவுன்ஸுக்கு, அதாவது ஏறத்தாழ 142 கிராமுக்கு, மிகலாகாது. சரிவான தடத்தில் விட்டால் அது தானே உருண்டு இறங்கும். எஞ்சின் இல்லை, சாட்டை இல்லை. விட்டபின் எவரும் தொடவும் கூடாது. ஆகவே, செய்யத்தக்கது தடையை முன்னரே நீக்குவது ஒன்றே. முன்னர் ஓடிய பழைய சக்கரமாயினும், அதன் துளையை அழுக்கு நீக்கி மெருகிட்டு, ஆணியின் பிசிறுகளை அராவி, ஈரமிட்ட நுண்ணிய உப்புத்தாளால் தேய்த்து, கிராஃபைட் பொடி தூவினால் மீண்டும் விரைந்து ஓடும். அவசரப்பட்டு உலர்ந்த தாளால் அழுத்தித் தேய்த்தாலோ, சூட்டில் பிளாஸ்டிக் இளகிச் சக்கரமே கெட்டுவிடும். தேய்ப்பதற்கும் பொறுமை வேண்டும்.

பெற்றோரே, நம் இல்லங்களில் நாம் முதலில் எடுப்பது எது? உப்புத்தாளா, சாட்டையா? பல ஆண்டுகளுக்கு முன் மறைக்கல்வி வகுப்பில் ஒரு சிறுவனை, "மந்தன்" என்று பலர் முன்னிலையில் நாம் கடிந்துகொண்டோம். கரும்பலகையின் எழுத்து அவன் கண்ணுக்குத் தெரியவில்லை என்பது பின்னரே புலனாயிற்று. கண்ணாடி அணிந்தபின் அவன் நன்றாகவே படித்தான். ஆனால் நம்மைக் கண்டால் ஒதுங்கிச் செல்லும் வழக்கத்தை மட்டும் அவன் விடவில்லை. அந்தச் சுவடு எந்த மெருகுக்கும் மறையவில்லை.

மதிப்பெண் குறைந்தது என்று பிள்ளையை அடிக்கும் வீட்டில், இரவெல்லாம் பெற்றோரின் பூசல் கேட்டு அவன் உறங்காதிருக்கலாம். ஒரு பாடத்தில் என்றோ விட்டுப்போன அடிப்படை, ஆண்டுதோறும் துருவாய் ஏறியிருக்கலாம். இவற்றையெல்லாம் பாராமல் தனிப் பயிற்சிக்கு அனுப்புவது, ஆடும் சக்கரத்திற்கு வார்னிஷ் பூசுவதே ஆகும்.

அக்குடியானவரின் வண்டி பந்தயத்தில் பரிசு பெறவில்லை எனக் கேள்வியுற்றோம். ஆயினும் சக்கரங்களைப் பெற்றுச்சென்ற நாளில் நாம் கண்டது நினைவில் நிற்கின்றது. அச்சு முனையின் கடைசித் தேய்ப்பைத் தச்சர் அச்சிறுவனிடமே விட்டிருந்தார். அவன் சக்கரத்தைச் சுழற்றிவிட்டுச் சுற்றுகளை உரக்க எண்ணிக்கொண்டிருந்தான். ஐம்பதைத் தாண்டியும் சக்கரம் நிற்கவில்லை; தந்தையும் அவனோடு சேர்ந்து எண்ணத் தொடங்கினார்.

உங்கள் வீட்டுச் சக்கரத்தையும் ஒருமுறை சுழற்றிவிட்டுச் செவிசாயுங்கள்.